கண்டார் கூற்றும் நூலோர் கூற்றும்: ஃபிரா மௌரோவின் உலகப் படம்

ஐரோப்பிய இடைக்கால நிலப்படங்களை இருவகையாகப் பகுத்துக் காண்பது ஆய்வாளரின் வழக்கம். கடலோடிகளுக்கென வரையப்பெற்ற போர்ட்டோலான் படங்கள் ஒருவகை. சமய நோக்கில் அமைந்த உலகப் படங்கள் பிறிதொரு வகை. முன்னதை அறிவியலின் தொடக்கம் என்றும் பின்னதைக் கற்பனையின் எச்சம் என்றும் கொள்ளும் மதிப்பீடு நெடுங்காலம் நிலவியது. பிழையிலிருந்து உண்மைக்கு ஏறும் படிக்கட்டாக நிலப்பட வரலாற்றைக் காணும் இம்மதிப்பீடு எளிமையானது. ஆயினும் ஒரு படத்தைப் பனுவலாக வாசிப்பதற்கு அது துணைசெய்வதில்லை.

இன்று கிடைக்கும் போர்ட்டோலான் படங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த பீசா படமாகும். தோலில் வரையப்பெற்ற இத்தகைய படங்களில் திசைக்கோடுகள் வலைபோற் பின்னிக் கிடக்கும். துறைப்பெயர்கள் கரைக்குச் செங்குத்தாக எழுதப்பட்டிருக்கும். படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் படிக்க வேண்டியிருத்தலின் இதற்கு மேல் கீழ் என்பதில்லை. கடற்கரை செறிந்திருக்க, உள்நாடு பெரும்பாலும் வெறுமையாய் நிற்கும். 1300ஆம் ஆண்டளவில் உருவான எரிஃபோர்டு உலகப் படமோ கிழக்கை மேலே வைத்து, அவ்வுச்சியில் ஏதேன் தோட்டத்தையும் நடுவில் எருசலேமையும் காட்டுகிறது. முன்னது வழியைச் சொல்கிறது. பின்னது உலகின் பொருளைச் சொல்கிறது. இரண்டின் நோக்கமும் வேறு. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் பொருந்தாது.

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் களமாக அமைவது, வெனிசு நகரையடுத்த சான் மிக்கேலே தீவின் மடத்தில் துறவி மௌரோ 1450ஆம் ஆண்டளவில் உருவாக்கிய உலகப் படம். ஏறத்தாழ 2 மீட்டர் விட்டமுடைய இப்படத்தில் தெற்கு மேலே உள்ளது. ஏறத்தாழ 3000 குறிப்புகள் இலத்தீனில் அன்றி வெனிசு மக்களின் மொழியில் எழுதப்பட்டுள்ளன. ஏதேன் தோட்டம் உலக வட்டத்திற்கு வெளியே, ஒரு மூலைக்கு நகர்த்தப்பட்டுள்ளது. எருசலேம் படத்தின் நடுவில் இல்லை. மக்கள்தொகைச் செறிவைக் கருதினால் அதுவே நடுவாகும் என மௌரோ அமைதி கூறுகிறார். மரபை மீறுபவர் அம்மீறலுக்குக் காரணம் காட்டுவது இங்கு நோக்கத்தக்கது.

இக்காரணங்காட்டும் முறை தாலமியிடத்தும் தொடர்கிறது. தாலமியின் நிலநூல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டுப் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அந்நூல் இந்தியப் பெருங்கடலை நிலஞ்சூழ்ந்த கடலாகக் கொண்டது. மௌரோ அதனை மறுத்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக் கடல் திறந்துள்ளது என்கிறார். 1420ஆம் ஆண்டளவில் இந்தியக் கலமொன்று அம்முனையைக் கடந்து 40 நாள் மேற்கே சென்று, காற்றும் நீருமன்றி வேறெதுவும் காணாது மீண்டது என்னும் செய்தியைச் சான்றாக்குகிறார். பார்த்தலோமியோ டயசு அம்முனையைச் சுற்றியது 1488இல்தான். கலத்தைப் பற்றிய செய்தி மெய்யோ என்பதினும், கடலோடியின் வாய்மொழி பழநூலை மறுக்கும் தகுதி பெற்றது என்பதே திறனாய்வுக்கு உரிய செய்தி.

எனினும் கண்டார் கூற்று எப்போதும் வெல்வதில்லை என்பதற்கும் இப்படமே சான்று. தாலமி கூறும் தப்ரொபனே எது என்னும் சிக்கலில், பயணி நிக்கோலோ தே கோந்தியின் கருத்தையொட்டி அப்பெயரை மௌரோ சுமத்திராவுக்கு வழங்குகிறார். தப்ரொபனேவை விவரிக்க விரும்பிய தாலமி, உண்மையில் இலங்கையையே விவரித்துவிட்டார் என்று குறிப்பும் எழுதுகிறார். தப்ரொபனே இலங்கையே என்பது இன்றைய ஆய்வாளரின் முடிவு. ஆகவே, தாலமி விவரித்த தீவு எது என்பதில் மௌரோ சரியாக உணர்ந்தார், பெயரில் பிழைத்தார். பிழை நேர்ந்த இடத்திலும் அதனைப் பின்னுள்ளோர் கண்டறிவதற்கான தடம் குறிப்பில் எஞ்சியுள்ளது. இதுவே இப்படத்தின் தனிச்சிறப்பு.

குறையும் சுட்டத்தக்கது. மறுக்கப்படும் தாலமியின் பெயர் படத்தில் நிற்கிறது. மறுப்புக்குச் சான்றான கலத்தைச் செலுத்தியவர் பெயர் இல்லை. இந்தியப் பெருங்கடல் மாலுமிகளின் அறிவு ஐரோப்பியப் படத்தில் இடம்பெற்றது, அவர்கள் இடம்பெறவில்லை. தீபகற்ப இந்தியாவின் முக்கோண வடிவமும் மௌரோவின் படத்தில் தெளிவாக அமையவில்லை. 1502ஆம் ஆண்டுக் கந்தீனோ படம் அவ்வடிவைக் காட்டுகிறது. வடிவத்தில் அது மேம்பட்டது. சான்றுகளோடு வாதிடும் இயல்பில் மௌரோவின் படமே மேம்பட்டது.

தமிழாய்வுக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. கொற்கை, முசிறி, காவிரிப்பூம்பட்டினம் ஆகிய துறைகளுக்குத் தாலமி தரும் பெயர்கள் பண்டைத் தமிழக வணிகத்தின் சான்றுகளாக எடுத்தாளப்பட்டு வருகின்றன. அவரும் இந்நாட்டைக் கண்டவர் அல்லர். வணிகர், பயணிகள் வாய்மொழிகளையும் முன்னோர் நூல்களையும் கொண்டு எழுதியவர். தீபகற்பத்தைத் தட்டையாகவும் இலங்கையைப் பன்மடங்கு பெரிதாகவும் காட்டியவர். அவர் குறிப்பைச் சான்றாகக் கொள்வோர், கண்டவர் யார், அவர் சொல் எத்தனை கைகள் மாறி வந்தது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவைத் தாலமியிடமே எழுப்பிய வாசகர் என்ற முறையில் மௌரோ நிலப்பட வரலாற்றில் மட்டுமன்றித் திறனாய்வு வரலாற்றிலும் இடம்பெறத் தக்கவர்.