ஒன்றரைக் கிலோவுக்கு எத்தனை சென்டிமீட்டர்?

தூத்துக்குடிக் கரையில் கடலாழத்தைப் பாகத்தால் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஆள் குட்டையானால் பாகமும் குட்டை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுபோகும் குறைமாதப் பிள்ளைக்குத் தொப்புளில் உள்ள சிரை, தமனி வழியாகக் கதீட்டர் என்னும் குழாய் போடும் மருத்துவருக்கும் இதே சங்கடம்தான்.

சிரை வழியே போகும் குழாயின் நுனி, கீழ்ப்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையில் சேரும் இடத்தில் நிற்க வேண்டும். நீளம் குறைந்தால் கல்லீரலுக்குள் தங்கிவிடும். அடர்ந்த குளுக்கோஸும் ஊட்டக் கரைசலும் அங்கே இறங்கி ஈரலைப் புண்ணாக்கும். கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும். அரிதாக இதய உறைக்குள் நீர் கோத்து உயிரே போகும்.

1966இல் டன் என்ற மருத்துவர், இறந்த குழந்தைகளின் உடல்களில் அளந்து, தோளுக்கும் தொப்புளுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு ஒரு வரைபடம் தந்தார். பிள்ளையின் உடம்பே அளவுகோல் என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் தோள் நுனியிலிருந்து தொப்புள் மட்டம்வரை செங்குத்தாக அளக்க வேண்டும். அவசரத்தில் டேப்பைச் சாய்த்து இழுத்தால் அளவு கூடிவிடும்.

1986இல் சுக்லாவும் ஃபெராராவும் எடையைப் பிடித்துக்கொண்டார்கள். கிலோவை மூன்றால் பெருக்கி 9 கூட்டினால் தமனிக்கான நீளம். அதில் பாதியோடு 1 சேர்த்தால் சிரைக்கு. ஒன்றரைக் கிலோ பிள்ளைக்கு 13.5, 7.75 சென்டிமீட்டர். வெட்டிய கொடியின் மிச்சத்தையும் இதோடு கூட்ட வேண்டும். எடை ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் இருப்பதால், நள்ளிரவில் தனியாக நிற்கும் மருத்துவருக்கு இதைவிடச் சுலபமான வழி ஏது?

அந்தச் சுலபத்தில்தான் கோளாறும் இருக்கிறது. 31 வாரத்தில் பிறந்த ஒன்றரைக் கிலோவும், கருவில் வளர்ச்சி குன்றி 37 வாரத்தில் பிறந்த ஒன்றரைக் கிலோவும் சூத்திரத்துக்கு ஒன்றே. பின்னவளின் உடல் நீளமானது. அவளுக்குக் குழாய் எட்டாமல் போகலாம். நம் ஊரில் எடை குறைந்து பிறப்பவர்களில் இத்தகையோர் நிறைய. மிகச் சிறிய பிள்ளைகளிலோ தமனிக் குழாய் மேலேறிவிடுகிறது. அவர்களுக்காகப் பின்னால் வந்த ரைட் சூத்திரம் கிலோவை நான்கால் பெருக்கி 7 கூட்டச் சொல்கிறது. ஒரு கிலோ பிள்ளைக்கு 12 என்பது 11 ஆகிறது.

மிகுதியாகச் செலுத்துவதில் ஒரு நியாயம் உண்டு: எக்ஸ்ரே பார்த்த பிறகு குழாயை வெளியே இழுக்கலாம், உள்ளே தள்ளக் கூடாது, தொற்று உள்ளே நுழைந்துவிடும். ஆனால் எக்ஸ்ரேயும் முதுகெலும்பை வைத்து இதயம் எங்கே என்று ஊகிக்கிறது. நுனியை நேரே காட்டுவது அல்ட்ராசவுண்ட். அதற்குப் பழகிய கை எல்லா ராத்திரியும் கிடைப்பதில்லை.

ஆகவே சூத்திரத்தை விடச் சொல்லமாட்டேன். கணக்கிட்ட நீளம், கடைசியில் நிறுத்திய நீளம், எடை, வாரம் ஆகிய நான்கையும் ஒரே நோட்டில் எழுதிவரலாம். மேல்நாட்டுப் பிள்ளைகளை அளந்து வந்த கணக்கு நம் பிள்ளைகளிடம் எந்தப் பக்கம், எவ்வளவு தவறுகிறது என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.