பல மரம் கண்ட தச்சன்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டி மலைக்குள் இன்னும் போனால் கூக்கால் வரும். ஓர் ஏரி, சோலைக்காடு, படிப்படியாக வெட்டிய வயல்கள். வேறு ஆரவாரம் கிடையாது. அங்கே தங்கியிருந்த நாலு நாளும் வீணை எஸ். பாலசந்தரின் மேளகர்த்தா ராகப் பதிவுகளைக் கேட்டேன். 72 ராகங்களையும் ஒரே மனிதர் வாசித்திருக்கிறார்! உடனிருந்த நண்பர், "இவர் சினிமாவில் காலத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் என்னவெல்லாம் செய்திருப்பார்!" என்று பெருமூச்சு விட்டார். சங்கீத ரஸிகர்களின் பழைய பெருமூச்சு அது. எனக்கு அதில் சம்மதமில்லை.

1927-ல் சென்னையில் பிறந்தவர் பாலசந்தர். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்திலேயே சிறுவனாகத் தலைகாட்டிவிட்டார். கஞ்சிரா, தபலா, மிருதங்கம், ஹார்மோனியம், தில்ரூபா, ஷெனாய், சிதார் என்று கைக்கு அகப்பட்ட வாத்தியத்தையெல்லாம் வாசித்தார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கவலை இருந்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் 1954-ல் ஏ.வி.எம்.முக்காக அவர் இயக்கிய 'அந்த நாளை'ப் பாருங்கள். பாட்டும் நடனமும் இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. பாட்டை நீக்கியவர் யார்? பாட்டுத் தெரியாத மனிதரல்லர். ஏழெட்டு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்! சங்கீதம் எங்கே வேண்டாம் என்பது சங்கீதம் தெரிந்தவருக்குத்தானே தெரியும்? ஜனங்கள் அன்று அந்தப் படத்தைக் கைவிட்டார்கள். பிற்பாடு தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1964-ல் 'பொம்மை'யைத் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்தும் விட்டார். கதை முடிந்த பிறகு, படத்துக்கு உழைத்தவர்களை ஒவ்வொருவராகத் திரையில் கொண்டுவந்து அறிமுகம் செய்தார் பாருங்கள், அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. 1970-ல் 'நடு இரவில்'. அத்துடன் இயக்குநர் வேலையை முடித்துக்கொண்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. துப்பறியும் கதை எடுத்த புத்தி கடைசிவரை அவரை விடவில்லை. 1980-களில், சுவாதித் திருநாள் என்றொரு வாக்கேயக்காரரே இருந்ததில்லை என்று வழக்காடப் புறப்பட்டார். சினிமாவில் கடைசி ரீலில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். சரித்திரம் அவ்வளவு சௌகரியமானதல்லவே! அந்தச் சண்டையில் செலவான நாட்களுக்காகத்தான் நான் பெருமூச்சு விடுவேன், சினிமாவுக்காக அல்ல.

வீணைக்கு அவருக்குக் குரு இல்லை; தாமே கற்றார். 24 மெட்டுகளில் விரல் ஓடுவதைவிட, ஒரே மெட்டில் நின்று, ஒருமுறை மீட்டி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த நாதம் அடங்குவதற்குள் அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிடிப்பதுதான் அவர் வழி. சில இடங்களில் இழுப்பு மிஞ்சித்தான் போகிறது. கேட்கிற நமக்கே விரல் வலிக்கிறது. ஆனாலும் இந்த இழுப்பில் பழைய சிதார்க்காரர் இருக்கிறார். தாளத்தின் மேல் அவர் உட்காருகிற விதத்தில் கஞ்சிராப் பையன் இருக்கிறான். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே துணிந்து மௌனம் விடுகிறாரே, அது 'அந்த நாள்' எடுத்தவருடைய மௌனம் என்றே எனக்குப் படுகிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். "சரி, இன்னொரு ராகம் போடுங்கள்" என்றார்.

1982-ல் பத்மபூஷண் விருது வந்தது. 1990-ல் கச்சேரிக்காகப் போன பிலாய் நகரில் காலமானார்.