லோபாமுத்திரை ஏறாத மலை

பொதிகை மலைப் பயணம் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நண்பர்கள் நாலு பேர் கிளம்புவார்கள். அட்டை கடிக்கும், மூச்சு வாங்கும், மூலிகைக் காற்று வீசும். இரவு முகாமில் சித்தர் கதை பேசுவார்கள். மறுநாள் உச்சியில் அகத்தியர் சிலையைக் கண்டு மெய்சிலிர்ப்பார்கள். நாலு பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்பது எழுதியவர் கண்ணில் பட்டதாகவே தெரியாது.

பெண் அங்கே இருந்திருக்கவும் முடியாது. உச்சிக்கான பாதை கேரளத்தின் போனக்காட்டிலிருந்து போகிறது. பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட சிறாருக்கும் அனுமதி இல்லை என்பதே நெடுநாள் விதி. பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் 1,868 மீட்டர் உச்சியை அடைந்தார்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம், அகத்தியர் பிரம்மச்சாரி என்பது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. அகத்தியருக்கு மனைவி உண்டு, பெயர் லோபாமுத்திரை. ரிக் வேதத்தின் முதல் மண்டலம் 179ஆம் பாடலில் அவள் பேசுகிறாள். இரவும் பகலும் உழைத்தே ஆண்டுகள் போயின, முதுமை உடலைத் தின்கிறது, கணவன் மனைவியிடம் வர வேண்டும் என்கிறாள். தன் ஆசையைத் தானே சொன்ன பெண். அவளைக் கதையிலிருந்து நீக்கிய பிறகுதான் முனிவர் பிரம்மச்சாரி ஆக முடியும். மலையில் பெண்ணைத் தடுப்பதற்கு முன்பே கதையில் தடுத்தாகிவிட்டது.

போன பிப்ரவரியில் தோழிகள் மூன்று பேர் போனோம். முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து, இரவு அதிருமலை முகாமில் தங்கினோம். நள்ளிரவில் ஒரு தோழி என்னைத் தொட்டு எழுப்பினாள். மாதவிடாய், ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. டார்ச் அடித்துக்கொண்டு கழிப்பறைக்குக் கூடப் போனேன். திரும்பும்போது கேட்டாள்: "நாளைக்கு நான் மேல வரலாமா?"

சபரிமலை விவாதத்தில் மேடை ஏறிப் பேசியவள் அவள். நீதிமன்றம் நீக்கிய தடை அவள் அடிவயிற்றில் பத்திரமாக இருந்தது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். தூக்கத்திலிருந்த மூன்றாமவள்தான் சொன்னாள்: "உடம்பு முடிஞ்சா வா, முடியலைன்னா படுத்திரு. இதுல அகத்தியர் எங்கடி வந்தாரு?"

அவள் வந்தாள். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து எங்களுக்கு முன்னால் ஏறினாள். பயன்படுத்திய நாப்கின்களைத் தாளில் சுற்றி, இரட்டை உறையில் போட்டு, பையின் அடியில் வைத்து ஊர்வரை சுமந்தாள். நான் படித்த எந்தப் பொதிகைக் கட்டுரையிலும் இந்தச் சுமை இல்லை.

இங்கேயே முடித்தால் இதுவும் அதே அச்சுதான். நண்பர்களுக்குப் பதில் தோழிகள், மெய்சிலிர்ப்புக்குப் பதில் வெற்றி. ஆனால் இந்த மலை காணி மக்களுடைய தெய்வ இடம். 2019இல் அவர்கள் அடிவாரத்தில் கூடி எதிர்ப்புச் சொன்னார்கள், வழி மறிக்கவில்லை. 1987இல் இதே மலைக்காட்டில் ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள் களைத்தபோது, உடன் வந்த காணிகள் ஒரு சிறு பழத்தைத் தின்று சோர்வின்றி நடந்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து பிறகு மருந்து தயாரானது. மலையை அறிந்தவர்கள் அவர்கள். நகரத்திலிருந்து போன நான் அவர்கள் வீட்டு வாசலில் என் சமத்துவத்தைக் கொண்டாடுகிறேனா?

அதற்காக, பெண்ணுக்கு இடமில்லை என்பதை 'அவர்கள் மரபு' என்று தள்ளி நின்று வணங்கவும் எனக்கு மனம் வரவில்லை. மரபு என்று பேசப்படும்போது காணிப் பெண் என்ன நினைக்கிறாள் என்பது அதில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இறங்கும்போது எங்களோடு வந்த காணி இளைஞரிடம் கேட்டேன்.

"எங்கம்மா மேல வந்ததில்ல சேச்சி. வரணும்னு கேட்டதும் இல்ல."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. குறை அவருடையது மட்டுமல்ல. மூன்று நாள் அந்தக் காட்டில் இருந்தேன். அவர் தந்த கஞ்சியைக் குடித்தேன், அவர் காட்டிய வழியில் நடந்தேன். அவர் அம்மாவைப் பார்க்கலாமா என்று நானும் கேட்கவில்லை. பேருந்து நேரம் ஆகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

லோபாமுத்திரையை விட்டுவிட்டார்கள் என்று குற்றம் சாட்டும் என் கதையிலும் ஒரு பெண் விடுபட்டிருக்கிறாள். அடுத்த முறை போனால் உச்சிக்கு முன் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.