செட்டிப்பாளையத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

இன்ஜினியரிங் எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது தமிழ்நாட்டில் ஊரறிந்த ரகசியம். ‘ஐஇஇஇ ப்ராஜெக்ட்’ என்று போர்டு மாட்டிய சென்டர்களில் தலைப்பு, சர்க்யூட், ரிப்போர்ட் எல்லாம் சேர்த்தே கிடைக்கும். வைவாவில் என்ன பேச வேண்டும் என்றும் சொல்லித் தந்துவிடுவார்கள்.

கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல ஆண்டுகள் நடந்த ஃபார்முலா பாரத் போட்டியில் இந்த வித்தை பலிக்காது. மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை ரேஸ் காரை, ஓட்டுநரோடு சேர்த்து 60 டிகிரி சாய்ப்பார்கள். கார் கவிழக் கூடாது. பெல்ட் பூட்டிய ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். தேறாத கார் தடத்தில் இறங்காது.

இதைவிடக் கடினம் டிசைன் சுற்று. மொத்தம் 1000 மதிப்பெண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிசைன், செலவுக் கணக்கு, வணிகத் திட்டம் ஆகியவற்றுக்கு. பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியின் விட்டம் ஓரிடத்தில் 20 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கப்பால் குழாய் விரியும் கோணத்தை ஏன் இப்படி வைத்தீர்கள் என்று நடுவராக வந்த வாகனத் துறைக்காரர் கேட்கும்போது, “சீனியர் அப்படித்தான் வச்சிருந்தார்” என்றால் எடுபடாது. வேலைக்கு எடுப்பவர்கள் இந்தப் பிள்ளைகளை விரும்பினால், வெல்டிங் தெரியும் என்பதற்காக மட்டுமல்ல. எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லத் தெரிகிறதே, அதற்காகவும்தான். (அணித் தலைவரே கடைசியில் ஐடி கம்பெனியில் சேர்வது வேறு கதை.)

ஆனால் லட்சக்கணக்கில் செலவாகும் கார் இது. ஒரு கல்லூரியில் இருபது முப்பது பேருக்குத்தான் இடம். அவர்களிலும் சஸ்பென்ஷன் பார்ப்பவர் கடைசிவரை சஸ்பென்ஷனே பார்க்கிறார். போட்டி நெருங்கினால் வேலை முழுக்க ராத்திரியில்தான். சாயங்காலமே கேட் பூட்டும் விடுதியிலிருந்து ஒரு மாணவி ஒர்க்‌ஷாப்புக்கு எப்படி வருவார்? அவருக்கு ரிப்போர்ட் எழுதும் வேலை வந்து சேர்கிறது. ஆர்வம் இல்லாததால் அவர் லேத் பக்கம் வரவில்லை என்று பிறகு பேசுவார்கள். இந்த அநியாயத்துக்கு எந்த விதிப்புத்தகத்திலும் மதிப்பெண் குறைவதில்லை.

எல்லாக் கல்லூரிகளும் கார் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். சில ஆயிரம் ரூபாயில் செய்த சின்னப் பம்புக்கும் அதே கேள்விகளைக் கேட்கலாம். இன்று ப்ராஜெக்ட் வைவாவுக்கு எக்ஸ்டர்னலாக வருபவர் பெரும்பாலும் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர். கோவையின் பம்ப்செட் தொழிற்சாலைகளிலும் ஓசூர், அம்பத்தூர் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் இன்ஜினியர்களை அவரோடு உட்காரவைத்து, செய்த பொருளை மாணவரே கண்முன் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லட்டும். பல்கலைக்கழகங்கள் அடுத்த செமஸ்டரிலேயே இதைத் தொடங்கலாம்.