வேங்கை மரத்தடியில் ஒரு பதில்

திருத்தணியின் 365 படிகளை ஏறி நாம் காண்பது கதையின் முடிவை. வள்ளியை மணந்த முருகன் அவளோடு வந்து தங்கிய மலை இது. முடிச்சுகள் விழுந்த இடம் வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைத் தினைப்புனம். கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் போட்ட முடிச்சுகளில் ஒன்று எனக்கு அலுப்பதேயில்லை.

வேடனாக வந்த முருகன் வள்ளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் தந்தை நம்பி வேடர் கூட்டத்தோடு வருகிறான். முருகன் சட்டென்று வேங்கை மரமாகி நிற்கிறான். முன்பு இங்கே இல்லாத மரம். இதில் ஏதோ சூது இருக்கிறது, வெட்டிவிடலாம் என்கிறார்கள் வேடர்கள். நம்பி மகளைக் கேட்கிறான். எப்படி வந்ததென்று எனக்கும் தெரியாது, மாயம் போலத் தோன்றியது, நடுங்கிப்போனேன் என்கிறாள் அவள்.

இந்தப் பதிலை ஆட்டக் கோட்பாட்டின் கண்ணால் பார்க்கலாம். எதிராளி என்ன செய்தார் என்பது முழுதும் தெரியாமலே அடுத்த காயை நகர்த்த வேண்டிய ஆட்டங்களுக்கு, 1982இல் பொருளியலாளர்கள் டேவிட் கிரெப்ஸும் ராபர்ட் வில்சனும் ஒரு சமநிலையை வகுத்தார்கள். யார் என்ன செய்வார் என்பது மட்டும் அதற்குப் போதாது. இருட்டில் நிற்பவர் எதை எவ்வளவு நம்புகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். செயல் அந்த நம்பிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஆட்டத்தில் யாரும் காலடி வைக்காத கிளைகளுக்கும் இதே கணக்குத்தான்.

இப்போது வள்ளியின் பதிலைப் பாருங்கள். உண்மையிலேயே ஒன்றும் அறியாத பெண்ணும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஆகவே இதைக் கேட்ட நம்பிக்குப் புதிதாக ஒரு துளியும் தெரிய வழியில்லை. மகள் மேல் முன்பு என்ன நம்பிக்கை இருந்ததோ அதே இப்போதும். "நல்ல மரம், இருக்கட்டும்" என்று அவள் பரிந்து பேசியிருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும். கோடரி விழவேயில்லை. ஆனால் விழக்கூடும் என்பதுதான் அவள் நாவை அந்தச் சொற்களில் நிறுத்துகிறது.

இன்னும் நுட்பம், அது முழுப்பொய்யும் அல்ல. மரம் அந்த வேடன்தான் என்பது அவளுக்குத் தெரியும். வேடன் யார் என்பது தெரியாது. முருகனைத்தான் அவள் விரும்புகிறாள், எதிரில் நிற்பது அவன் என்று அறியாமலே காப்பாற்றுகிறாள். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் மரமாக நிற்கிறான். வாய் திறக்க முடியாது.

நம்பியோ, தனியாகத் தினை காக்கும் மகளுக்கு இந்த மரம் துணையாக இருக்கட்டும் என்று விட்டுப்போகிறான். அவன் நம்பிக்கைப்படி அது சரியான முடிவு. மறுமுறை வரும்போது கிழவராக மாறி நிற்கும் முருகனையும் அப்படியே துணைக்கு விட்டுப்போவான், பாவம்.

கதை கேட்பவர்கள் கொண்டாடுவது பிறகு முருகனுக்கு உதவ விநாயகர் யானையாக வரும் கட்டத்தை. எனக்கு அது ஒரு படி கீழேதான். அங்கே வள்ளியைக் கிழவரிடம் ஓடவைப்பது அச்சம். வேங்கை மரத்தடியில் அவளே யோசித்து ஆடினாள்.