காதல் கடிதமும் மன்னிப்புக் கடிதமும்

2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் இலங்கை அரசு இந்தியப் பிரதமரிடமும் தமிழக முதல்வரிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டது. அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் வந்த ஒரு கட்டுரைதான் காரணம். மீனவர் பிரச்சினை குறித்து ஜெயலலிதா மோடிக்கு எழுதிவந்த கடிதங்களைக் 'காதல் கடிதங்கள்' என்றது அதன் தலைப்பு. கூடவே இதயக்குறி போட்டு ஒரு படம். தமிழகம் கொதித்தது. உரிய அனுமதியின்றி வெளியாகிவிட்டது என்றார்கள். 2024 ஜனவரியில் மோடியை இழித்து எழுதிய மூன்று துணை அமைச்சர்களை இடைநீக்கம் செய்த மாலத்தீவு அரசும் அவை தனிப்பட்ட கருத்துகள் என்றே சொன்னது. ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ராஜதந்திரம் அதை எப்போதோ நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. வசை இருக்கும், வசைக்கு ஆசிரியன் இருக்கமாட்டான்.

இந்தப் பிரதியை எப்படி வாசிப்பது? முதல்வர் பிரதமருக்கு எழுதுவது ஒரு நிர்வாகச் செயல். கருணாநிதியும் டெல்லிக்குக் கடிதம் எழுதியவர்தான், அவையும் கேலிக்குள்ளாயின. ஆனால் அந்தக் கேலிக்கு அவருடைய உடல் தேவைப்படவில்லை. எழுதுவது பெண் என்றதும் அரசியல் கோரிக்கை படுக்கையறைச் சமாச்சாரமாகிறது. இது சிங்களப் பேரினவாதத்தின் தனிச்சொத்து என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்முடைய கட்சி மேடைகளின் வசை அகராதியும் இதே ஆண்மொழியில் எழுதப்பட்டதுதான்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மீன் விற்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "லவ் லெட்டர்னான், சரி. உள்ள இன்னா எழுதியிருந்துச்சாம்?" இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. உள்ளே இருந்தது சிறைப்பட்ட மீனவர்களும் பறிபோன படகுகளும். கேலி அவர்களை ஒருமுறை அழித்தது. இரு தலைவர்களை மட்டும் விளித்த மன்னிப்பு இன்னொருமுறை அழித்தது. நம் இழுவைமடிகளால் வலையிழந்த வடஇலங்கைத் தமிழ் மீனவரோ 'தமிழர் மானம்' என்ற கதையாடலுக்குள் முதலிலிருந்தே இல்லை. அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டப்படி தடைசெய்தது. அதைப்பற்றி நம் மேடைகளில் பேச்சுமூச்சு இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் வாளியும் குவளையுமாக அள்ளினார்கள். தேசத்தின் மானம் போய்விட்டதாக அன்றைக்கு எந்த அவையிலும் கூச்சல் எழவில்லை. காரணம் எளிது. மானம் தலைவரின் உடலில் குடியிருப்பதாக அரசுகள் பேசிவைத்திருக்கின்றன. குப்பத்தின் உடம்புக்கு அதில் இடமில்லை.

வசைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தது சரிதான். அந்தக் கடிதங்களைப் படிக்கச் சொல்லியும் நாம் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.