மின்சாரமும் நம் நாவலாசிரியர்களும்

நம் கதைகளில் லஞ்சம் வாங்குகிறவர்கள் யார் யார் என்று ஒரு ஜாபிதா எடுத்துப் பார்த்தால் விஷயம் வேடிக்கையாக இருக்கும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கிராமக் கணக்கர், போலீஸ்காரர், புது வீட்டுக்கு மின் இணைப்புக் கொடுக்க வருகிற லைன்மேன். இவர்களை நம் எழுத்தாளர்கள் நன்றாகவே பார்த்து எழுதியிருக்கிறார்கள். தலையைச் சொறிவது முதல் பணத்தை மடக்கிச் சட்டைப் பையில் வைப்பது வரை அச்சு அசலாக வந்திருக்கிறது. ஆனால் அதற்கு மேலே போனால் மனிதன் மறைந்துவிடுகிறான். சினிமாவிலிருந்து கடன் வாங்கிய ஒரு மந்திரியும் ஒரு பணப்பெட்டியும் மட்டும் வந்து நிற்கின்றன. கீழே லைன்மேன், மேலே மந்திரி. நடுவில் யாரும் இல்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரிய காரியங்கள் நடக்கிற இடமோ அந்த நடுவிடம்தான். நான் படித்த வரையில் தமிழ் நாவல் அந்த இடத்துக்குள் போனதே இல்லை. இது சாதாரணக் குறை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தக் குறையைச் சொல்ல எனக்குக் கூடுதல் காரணம் உண்டு. தொ. மு. சி. ரகுநாதன் 1953-ல் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். கைத்தறி நெசவாளர்களின் கதை. அதில் பிரசாரம் அதிகம், பாத்திரங்கள் சில சமயம் மேடைப் பேச்சுப் பேசுகிறார்கள் என்பார்கள். சில இடங்களில் எனக்கும் அந்த ஆட்சேபம் உண்டு. ஆனால் அந்த நாவல் ஒரு காரியத்தைச் செய்தது. நெசவாளியின் பசி தலைவிதி அல்ல, அதற்கும் நூல் விலைக்கும் சம்பந்தம் உண்டு, அந்த விலையை நிர்ணயிக்கிறவர்கள் ரத்தமும் சதையுமுள்ள மனிதர்கள் என்று காட்டியது. அன்று நூல் இருந்த இடத்தில் இன்று மின்சாரம் இருக்கிறது. விசைத்தறிக்கும் அரிசி மில்லுக்கும் தோட்டத்துப் பம்புசெட்டுக்கும் அதுதான் மூலப்பொருள். ஆனாலும் மின்சாரத்துக்கு ஒரு ‘பஞ்சும் பசியும்’ இன்னும் வரவில்லை.

நம் நதியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தாமிரபரணியின் தலைமாட்டில் 1944-ல் பாபநாசம் மின் நிலையம் வந்தது. பைக்காராவும் மேட்டூரும் அதற்கு முன்பே வந்தவை. பாபநாசத்தின் திறன் இன்று 32 மெகாவாட். அங்கே எரிபொருள் தண்ணீர். பொதிகை மலை பில் போட்டு அனுப்புவதில்லை. அணை கட்டும்போது கண்டிராக்டர் கை வைக்கலாம், பழுது பார்க்கும்போது கை வைக்கலாம். விழுகிற தண்ணீரின் விலையைக் கூட்டி எழுத ஒருவராலும் முடியாது. நதி கடலைச் சேரும் பக்கத்திலோ தூத்துக்குடி அனல் மின் நிலையம். 1979-க்கும் 1992-க்கும் இடையில் ஐந்து யூனிட்டுகளாக எழுந்தது. மொத்தம் 1,050 மெகாவாட். அங்கே எரிபொருள் கப்பலில் வருகிறது. கப்பலோடு ஒரு காகிதமும் வருகிறது. நிலக்கரியின் தரமும் விலையும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன. தண்ணீரிலிருந்து நிலக்கரிக்கு மாறியபோது, களவுக்கான வழியும் மதகிலிருந்து காகிதத்துக்கு மாறிவிட்டது.

இது என் கற்பனை அல்ல. 2016 மார்ச்சில் மத்திய வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் சுங்க அலுவலகங்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. இந்தோனேசியாவில் ஏற்றிய நிலக்கரி நேரே இந்தியத் துறைமுகத்தில் இறங்குகிறது. பில் மட்டும் சிங்கப்பூர், துபாய், ஹாங்காங் என்று ஊர் சுற்றிவிட்டு, விலை ஏறி வந்து சேருகிறது என்பது அதன் சாரம். சுமார் 40 இறக்குமதியாளர்கள் விசாரணைக்கு உள்ளானார்கள். சம்பந்தப்பட்ட தொகை 29,000 கோடி ரூபாய் அளவில் பேசப்பட்டது. 2018-ல் அறப்போர் இயக்கம், 2012 முதல் 2016 வரை நம் மின் கழகம் வாங்கிய வெளிநாட்டு நிலக்கரியில் 6,066 கோடி ரூபாய் நஷ்டம் என்று புகார் செய்தது. 2024 மே மாதம் லண்டன் ‘பைனான்ஷியல் டைம்ஸ்’ பத்திரிகை ஒரு கப்பலின் காகிதங்களை வெளியிட்டது. 2014 ஜனவரியில் டன் 28 டாலருக்குக் கிளம்பிய மட்டரக நிலக்கரி, அதானி நிறுவனத்தின் மூலம் சுமார் 92 டாலருக்கு, 6,000 கலோரி உயர்தரச் சரக்காகத் தமிழ்நாட்டு மின் கழகத்துக்கு விற்கப்பட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. நிறுவனம் இதை மறுத்திருக்கிறது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. என் வேலை அல்ல.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்வது எழுத்தாளனின் வேலை. ப்ளஸ் டூ பௌதிகம் போதும். 6,000 கலோரி கரி ஒரு டன் தருகிற வெப்பத்தைப் பெற, 3,500 கலோரி கரி ஏறக்குறைய 1.7 டன் எரிக்க வேண்டும். ஆகவே மட்டத்தை உயர்வென்று எழுதினால் விலையிலும் அடி, அளவிலும் அடி. இதில் யாரும் ஆளை மிரட்டவில்லை, பெட்டியைக் கைமாற்றவில்லை. ஒரு கட்டத்தில் ஓர் எண் மாறுகிறது; அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கிற பணமோ மீட்டர் வழியாக வீட்டுக்கு வீடு பிரிந்து போய்விடுகிறது. லைன்மேனுக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் சாகும் வரை நமக்கு ஞாபகம் இருக்கும். யூனிட்டுக்குப் பத்துப் பைசா கூடியது மறுநாளே மறந்து போகும். மீட்டரில் கூடாதது கடனாகச் சேருகிறது. 2017-ல் மின் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தமிழக அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அரசின் தலை என்பது நம் தலைதான்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் நம் பக்கம் பத்து மணி நேரத்துக்கு மேல். விசைத்தறி நின்றது, அரிசி மில் நின்றது, முக்கூடல் பக்கம் ராத்திரி உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் சிம்னி விளக்கைத் தேடினார்கள். ‘எந்த விலைக்காவது வாங்குங்கள், கரண்டைக் கொடுங்கள்’ என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் விலை கேட்கிறவன் விரோதியாகிவிடுகிறான். மின்சார வியாபாரத்தில் ஊழலுக்கு இதைவிடச் சௌகரியமான பருவம் கிடையாது.

கலிபோர்னியாவில் அந்தப் பருவத்தை உண்டாக்கியே காட்டினார்கள். 2001 ஜனவரியில், அங்கே மின்வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, என்ரான் கம்பெனியின் தரகர் ஒருவர் ஒரு மின் நிலையத்தைக் கூப்பிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தச் சொன்ன பேச்சு ஒலிநாடாவில் அகப்பட்டது. அந்தக் கம்பெனியின் கதையை லூசி பிரெபிள் என்ற ஆங்கில நாடகாசிரியை 2009-ல் மேடையேற்றினார். கணக்குப் புத்தகத்தில் நாடகம் கிடையாது என்பவர்களுக்கு அதுவே பதில். இத்தனைக்கும் அதே என்ரான் மகாராஷ்டிரத்தில் தாபோல் மின் நிலையம் கட்டி, அதன் மின்சாரத்தின் விலை தாங்காமல் மாநில மின் வாரியம் 2001-ல் கைவிட்ட கதை நம் தேசத்திலேயே நடந்தது.

‘பில்லில் பாத்திரம் எங்கே இருக்கிறது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். ஏன் இல்லை? துறைமுகத்தில் கரிக் குவியலிலிருந்து மாதிரி எடுக்கிற கூலிப் பையன் இருக்கிறான். எந்த மூலையில் அள்ள வேண்டும் என்று அவனுக்குச் சொல்கிற ஆள் இருக்கிறான். பரிசோதனைச் சாலையில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, மாற்றல் உத்தரவு வருமோ என்று பயப்படுகிற உதவியாளர் இருக்கிறார். டெண்டரில் ஒரு நிபந்தனையைச் சேர்த்து, போட்டிக்கு வரக்கூடிய பத்துப் பேரை இரண்டு பேராக்குகிற அதிகாரி இருக்கிறார். அவர் கைசுத்தமானவர், கோயிலுக்குப் போகிறவர், ‘மேலே சொன்னார்கள், போட்டேன்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தூங்குகிறவர். தணிக்கை அதிகாரி எவ்வளவு போயிற்று என்று சொல்வார். இந்த மனிதர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்பதை நாவலாசிரியன்தான் சொல்ல வேண்டும்.

பரிகாரம் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஏற்றுகிற இடத்தில், இறக்குகிற இடத்தில், கொதிகலன் வாசலில் என மூன்று பரிசோதனைகள் நடக்க வேண்டும்; மூன்றும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் கையில் இருக்க வேண்டும்; மூன்று முடிவும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். இந்தோனேசிய அரசே நிலக்கரிக்கு ஆதார விலை அறிவிக்கிறது. அதற்கு மேல் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் எழுத்தில் காரணம் வேண்டும். சுரங்கத்து வாயிலில் போட்ட முதல் பில்லைக் காட்டாதவனுக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 2008 முதல் நடக்கும் மின்சாரச் சந்தையில் ஒவ்வொரு கால் மணி நேரத்து விலையையும் யாரும் பார்க்கலாம். நிலக்கரி ஒப்பந்தத்துக்கு மட்டும் ஏன் திரை?

கடைசியாக, கட்டணம் கூட்டும்போது ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும் என்பது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம். 2022-ல் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் கேட்டார்கள். அம்பாசமுத்திரத்து அரிசி மில்காரர் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். ஏறினாலும், நூற்றுக்கணக்கான பக்கமுள்ள மனுவில் எந்தப் பக்கத்தை எதிர்த்துப் பேசுவது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? பத்திரிகை ஓரளவு சொல்லலாம். ஆனால் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று ஜனங்களுக்குப் பழக்கப்படுத்துகிற சக்தி கதைக்குத்தான் அதிகம். நூல் விலையைப் பற்றி அந்தப் பழக்கத்தை ஏற்படுத்த 1953-ல் ஒருவர் நம் பக்கத்தில் முன்வந்தார். மின்சாரத்தைப் பற்றி எழுத வருகிறவர் அவரைவிட நல்ல கலைஞராகவே இருக்கட்டும். ஆனால் லைன்மேனை இனிக் கொஞ்சம் விட்டுவிட்டு, துறைமுகத்துக்கு ஒரு நடை போய்வரட்டும்.